செவேர்ன் நதிக்கரையும் 33 அட்டைகளும்

பிரித்தானியாவின் மிக நீளமான நதி செவேர்ன் ஆகும். வேல்ஸ் மலைகளில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 354 கிலோமீற்றர் ஓடிக் கடலைச் சேர்கின்றது. இந்நதிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வருடத்தின் குறிப்பிட்ட சில நாட்களில் அது பின்னோக்கி ஓடும்.

இதன் கடல்வாய் ஒரு புனலைப் போல அகன்று தொடங்கி ஒடுங்கிச் செல்கின்றது. அங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான வேறுபாடு 14 மீற்றர் வரை செல்லும். எமது இலங்கைக் கரைகளிலோ அது ஒரு மீற்றரைக்கூடத் தொடுவதில்லை. அமாவாசை, பௌர்ணமி கழிந்த நாட்களில், விசேடமாக மார்ச், செப்ரெம்பர் மாதங்களில், அவ்வளவு கடல்நீரும் ஒடுங்கிய ஆற்றுக்குள் நெருக்கியடித்துப் புகும்போது ஓர் அலையாக எழுந்து, ஆற்றோட்டத்தை எதிர்த்து உள்நாட்டை நோக்கிச் செல்லும். சில வேளைகளில் அலையின் உயரம் இரண்டு மீற்றரை எட்டும்.

2024 மார்ச் மாதத்தில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலை, குளொஸ்டர் நகரத்துக்கு மேற்கே உள்ள மின்ஸ்டர்வேர்த் கிராமத்தின் ஆற்றங்கரையில் நின்று அந்த அலையைப் பார்த்தேன். முதலில் வந்தது சத்தம்தான். தூரத்தில் புகையிரதம் வருவது போன்ற ஓர் இரைச்சல். எனக்கு அடிவயிறு கலங்கியது. 2004ஆம் ஆண்டு மார்கழியில் முல்லைத்தீவுக் கரையில் நின்றவர்களுக்கு நான் ஏன் கலங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றவர்களோ கைதட்டினார்கள். மண்நிற அலை வளைவைத் திரும்பி வந்தது. அதன் முதுகில் இரண்டு இளைஞர்கள் பலகையில் நின்றபடி சவாரி செய்தார்கள்! அலை போன பின்னரும் ஆறு வெகுநேரம் மேல்நோக்கியே ஓடியது. முறிந்த கிளைகள், மரக்குற்றிகள், ஒரு பிளாஸ்ரிக் கதிரை எல்லாம் மலையை நோக்கி மிதந்து போயின. இந்த மாதங்களில் இரவு வேளையில், எங்கள் அத்தாங்கைப் போன்ற வலைகளால் இவ்விடத்தில் விலாங்குக் குஞ்சுகளைப் பிடிப்பார்களாம்.

என்னை அங்கே அழைத்துச் சென்றது என் அக்காவின் மகள். குளொஸ்டரில் தாதியாகப் பணிபுரிகின்றாள். எழுதுவதற்கு அவள் சம்மதித்தாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். ஆகவே பிள்ளை என்றே குறிப்பிடுகின்றேன். அந்த அலையை எனக்குக் காட்டவேண்டும் என்று அவள் விரும்பியதற்குக் காரணம் ஒரு மீன். அந்த மீன் இருந்தது ஓர் அட்டையில்.

பிள்ளையின் அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு பெட்டியைக் கண்டேன். உள்ளே படம் போட்ட அட்டைகள் இருந்தன. மான், ஆந்தை, நரி, தேனீ, பாம்பு, அன்னம் என ஒவ்வொன்றிலும் ஓர் உயிரினம்.

"இதென்ன பிள்ளை, கடதாசி விளையாட்டோ?"

"இல்லைச் சின்னம்மா. மனசில ஒண்டை நினைச்சு எடுத்துப் பாக்கிற அட்டையள்."

"அப்ப சாத்திரமோ?"

"கனபேர் சாத்திரமாத்தான் பாக்கினம். நான் அப்பிடிப் பாவிக்கிறதில்லை."

பிலிப் கார்-கொம், ஸ்ரெபனி கார்-கொம் தம்பதியர் பில் வேர்திங்ரன் என்ற ஓவியரின் படங்களுடன் 1990களின் நடுப்பகுதியில் வெளியிட்ட தொகுதி அது. மொத்தம் 33 அட்டைகள். பிரித்தானியத் தீவுகளின் பழங்கதைகளில் வரும் விலங்குகளையும் பறவைகளையும் வைத்துச் செய்யப்பட்டது. இன்று இயற்கையை வைத்துச் செய்யப்படும் இத்தகைய அட்டைத் தொகுதிகள் பல உள்ளன. செடிகளுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று எனக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கின்றார்கள். விலையும் குறைவில்லை.

குறி சொல்லும் அட்டைகளின் வரலாறு சுவையானது. பலரும் கேள்விப்பட்டிருக்கும் 78 அட்டைகள் கொண்ட 'ராரோ' 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வெறும் விளையாட்டாகவே தொடங்கியது. அதைக் கொண்டு வருங்காலம் சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் பரவியது. ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் 1799ஆம் ஆண்டளவில் 'நம்பிக்கை விளையாட்டு' என்ற பெயரில் 36 அட்டைகள் வெளிவந்தன. மரம், பாம்பு, கரடி, நரி, நாய், நாரை, லில்லிப்பூ என்று பல படங்கள் அவற்றில் இருந்தன. தாயக்கட்டை உருட்டி ஆடும் விளையாட்டு அது. பாரிசில் புகழ்பெற்ற குறிகாரியாக விளங்கிய லெனோர்மன் அம்மையார் 1843இல் இறந்த பின்னர், அவருடைய பெயரை ஒட்டி அந்த அட்டைகள் குறி சொல்லும் அட்டைகளாக விற்கப்பட்டன. படங்கள் மாறவில்லை. கேட்கும் மனிதர்களின் ஏக்கம்தான் அவற்றுக்குப் புதிய வேலை கொடுத்தது.

பிள்ளையின் முறை வேறு. இரவு வேலை முடிந்து வந்ததும், முகம் கழுவித் தேநீர் குடித்து, ஓர் அட்டையை எடுப்பாள். கூடவரும் விளக்கப் புத்தகத்தைத் திறக்கமாட்டாள். படத்தைப் பார்த்து ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுவாள். படத்தில் என்ன தெரிகிறது, அதைப் பார்த்ததும் என்ன ஞாபகம் வருகிறது, நாளைக்கு நான் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன. அவ்வளவுதான். "வருங்காலம் கேக்கிறேல்லைச் சின்னம்மா. இண்டைக்கு நான் எப்பிடி இருக்கிறன் எண்டு என்னட்டையே கேக்கிறன். நேரடியாக் கேட்டால் 'இருக்கிறன்' எண்டு மட்டும்தான் மறுமொழி வரும். ஒரு நரியைக் காட்டினால் கொஞ்சம் கூடக் கதைப்பன்" என்றாள்.

எனக்கு அது விளங்கியது. பெண்கள் குழுக்களில் வேலை செய்த காலத்தில் நானும் அதையே கண்டிருக்கிறேன். "எப்படியிருக்கிறீர்கள் அக்கா?" என்றால் "ஏதோ இருக்கிறம்" என்பார்கள். "உங்கட வளவில நிண்ட மரம் எது?" என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

ஆனாலும் அட்டை என்றதும் எனக்குக் கோபம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

பிள்ளைக்கு ஒரு தம்பி. 2009 மே மாதத்திற்குப் பிறகு அவனைப் பற்றிய தகவல் எதுவுமில்லை. அப்போது அவனுக்குப் 19 வயது. அக்கா போகாத அலுவலகம் இல்லை. கொடுக்காத விண்ணப்பம் இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோது, அவளும் படத்தைக் கையில் ஏந்தியபடி அவர்களோடு அமர்ந்தாள். இவற்றுக்கு நடுவே சாத்திரக்காரரிடமும் போனாள். ஒருவர் கிளியை விட்டு அட்டை எடுப்பித்து, "பிள்ளை தெற்கே இருக்கிறான்" என்றார். இன்னொருவர் அஞ்சனம் பார்த்து, "தண்ணி சூழ்ந்த இடத்தில இருக்கிறான்" என்றார். மூன்றாமவர் நாள் குறித்துக் கொடுத்தார். அந்த நாளுக்கு அக்கா வீடு வெள்ளையடித்தாள். நாள் போனது. அவளுடைய காதில் கிடந்த தோடும் போனது.

எல்லோரையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. மட்டக்களப்பில் 1990களில் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொன்ன பெண்களைப் பற்றி மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாய்திறந்து பேசவே பயந்த காலத்தில், காணாமற்போனவரின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அக்கோயில்கள் இடமளித்தன. அதை வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நான் கோபப்படுவது தாயின் ஏக்கத்துக்கு விலை போடுபவர்மேல்தான். அப்படிப்பட்டவர் எவருமே "எனக்குத் தெரியாது" என்று சொன்னதாக நான் அறியவில்லை.

இதைப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, பெட்டியைக் கொட்டி ஐந்து அட்டைகளைப் பொறுக்கி நிலத்தில் வரிசையாக வைத்தாள். கரும்பறவை, கலைமான், ஆந்தை, கழுகு, சமன் மீன். எமக்கு சமன் என்றால் ரின்னில் அடைத்த மீன்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஆற்றிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, பிறந்த ஓடையின் மணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும் மீன்.

அந்த ஐந்தும் ஒரு கதையில் வருகின்றன. வேல்ஸ் மொழியில் 14ஆம் நூற்றாண்டளவில் ஏடுகளில் எழுதப்பட்ட 'குல்ஹூக்கும் ஒல்வெனும்' என்ற மிகப் பழைய கதை. மொட்ரோன் என்ற தாயின் மகன் மபோன். பிறந்து மூன்றாம் இரவு, தாயின் அருகிலிருந்து யாரோ அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறானா, இறந்துவிட்டானா, ஒருவருக்கும் தெரியாது. (மொட்ரோன் என்ற சொல்லுக்கே தாய் என்றுதான் பொருளாம்.) ஆர்தர் மன்னனின் ஆட்கள் அவனைத் தேடிப் புறப்படுகிறார்கள். மனிதரிடம் கேட்டுப் பயனில்லை என்று, விலங்குகளின் பாசை தெரிந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

முதலில் கரும்பறவை. "நான் இங்கே வந்தபோது ஒரு கொல்லனின் பட்டடைக்கல் இருந்தது. மாலைதோறும் என் அலகை அதில் தீட்டித் தீட்டி அது இப்போது ஒரு கொட்டையளவுக்குத் தேய்ந்துவிட்டது. அவ்வளவு காலத்திலும் அவனைப் பற்றிக் கேள்விப்படவில்லை. என்னிலும் மூத்தவர்களிடம் கூட்டிப் போகிறேன், வாருங்கள்" என்கிறது. கலைமான் தன் கண்முன்னே ஓர் ஓக் கன்று நூறு கிளை விட்டு வளர்ந்து விழுந்து அடிக்கட்டையானதைச் சொல்கிறது, அதற்கும் தெரியவில்லை. ஆந்தை தன் பள்ளத்தாக்கில் மூன்று தடவை காடு முளைத்ததைச் சொல்கிறது, அதற்கும் தெரியவில்லை. கழுகுக்கும் தெரியவில்லை. ஆனால் தான் முன்பு பிடிக்கப் போய்த் தோற்ற ஒரு பெரிய மீன் உண்டு, அதைக் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொன்றும் தெரியாது என்று சொல்வதோடு நில்லாமல், கூட எழுந்து வழிகாட்டிக்கொண்டு போகிறது. நான் இந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

கடைசியில் சமன் மீன். "பெருக்கு வரும்போதெல்லாம் நான் ஆற்றில் மேலேறி, குளொஸ்டர் கோட்டை மதிலின் வளைவு வரை போவேன். அங்கே கண்டதைப் போன்ற கொடுமையை வேறெங்கும் கண்டதில்லை" என்கிறது. இருவரைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறது. மதிலுக்கு அப்பால் ஒருவன் புலம்பும் குரல் கேட்கிறது.

கதையில் வரும் பெருக்கைத்தான் மறுநாள் நான் மின்ஸ்டர்வேர்த்தில் பார்த்தேன். அன்றே மதியம் பிள்ளை என்னைக் குளொஸ்டரின் ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்றாள். பழைய கோட்டை இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிறைச்சாலையைக் கட்டினார்கள். அந்தச் சிறையும் 2013இல் மூடப்பட்டுவிட்டது. செங்கல் மதில் உயரமாக நிற்கின்றது. அதை ஒட்டி நாங்கள் நடந்தோம்.

"இந்த மீன் அட்டை வந்தால் நான் எழுதிறதில்லைச் சின்னம்மா. திருப்பி உள்ளுக்கை வைச்சிடுவன். ரண்டு வருசமா அப்பிடித்தான்" என்றாள். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னாள். நான் வந்து பத்து நாட்களில் அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டது அப்போதுதான். அவன் தூண்டில் போடப் போய்க் காலில் முள் குத்திக்கொண்டு வந்தது, அவள் வெளிநாடு புறப்பட்ட அன்று வாசலுக்கு வராமல் அறைக்குள் கிடந்தது, எல்லாம் சொன்னாள். அதன் பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, அக்கா அனுப்பியிருந்த செய்தியைக் காட்டினாள். புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். பார்த்துச் சொல்ல ஐம்பதினாயிரம் ரூபா வேண்டுமாம்.

"நான் அனுப்பாட்டில், தம்பியைத் தேட எனக்கு மனமில்லை எண்டு அம்மா நினைப்பா. அனுப்பினால் இன்னொரு நாள் குறிச்சுக் குடுப்பினம். அம்மா திரும்பவும் வீட்டுக்கு வெள்ளையடிப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே நின்றபடியே பிள்ளை கிளிநொச்சிக்கு அழைப்பெடுத்தாள். அங்கே இரவு எட்டு மணி இருக்கும். காசைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் பெருக்கைப் பற்றிச் சொன்னாள். மீனைப் பற்றிச் சொன்னாள். ஐந்து உயிர்களின் கதையையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அக்கா இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெடியனைக் கண்டுபிடிச்சவையோ?" என்று அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓமம்மா. மதிலை உடைச்சு, ஒருத்தன் முதுகில தூக்கிக்கொண்டு வந்தவனாம். அது கதையில அம்மா."

"கதைதானே, தெரியும்" என்றாள் அக்கா. "அந்தக் குருவி, தெரியாதெண்டு சொல்லிப்போட்டுக் கூடவும் போனதோ?"

"ஓம். எல்லாம் கூடப் போனதுகள்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அக்கா, தம்பி ஒருமுறை குளத்தில் விரால் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு வந்ததையும், அதைக் கறிக்கு வெட்ட விடாமல் இரண்டு நாள் கிணற்றடியில் வைத்திருந்ததையும் சொல்லத் தொடங்கினாள். பிள்ளை மதிலோரம் குந்தி இருந்து கேட்டாள். ஐம்பதினாயிரம் பற்றி அன்று இருவரும் பேசவில்லை.