மூக்கு அரிப்பு

முதுகில் போடும் ஊசியை நான் அறிந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன், குடலிறக்க அறுவையின்போது. உள்ளே வலியே இல்லை. விளக்கைப் பார்த்தபடி மருத்துவர்கள் கிரிக்கெட் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் கழித்துக் கால்விரல் அசைந்தது. பின்னாலேயே வலியும் வந்தது. அந்த இரவைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஆகவே, சென்ற மாதம் அன்னூர் வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாவைக் கோவைக்குக் கொண்டுவந்தபோது, அறுவையைக் காட்டிலும் அதற்கடுத்த இரவுதான் என்னை அச்சுறுத்தியது. அம்மாவுக்கு வயது 78.

மயக்க மருத்துவர் பொறுமையானவர். தண்டுவட நீரில் செலுத்தும் பியூபிவகெய்னின் மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனுடன் வேறொரு மருந்தைச் சிறிதளவு சேர்த்தால் வலியின்மை நீளும் என்றார். ஃபென்டனில் விரைந்து வேலை செய்து விரைந்தே விலகும். குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் அபினி வகையல்ல. ஆனால் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தக்கூடியவை. அம்மாவுக்கோ நாடி ஏற்கெனவே மெதுவானது. மார்ஃபின் ஏறத்தாழ ஒரு நாள் நிற்கும். கொழுப்பில் எளிதில் கரையாததால் அது தண்டுவட நீரிலேயே தங்கி மெல்ல மேலேறும். நன்மையும் அந்தத் தங்கலில்தான், ஆபத்தும் அதில்தான்: மூளையை எட்டினால் பல மணி நேரத்துக்குப் பின்னும் மூச்சு மந்தமாகலாம்.

(1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையைத் தொடங்கிய ஆகஸ்ட் பியர், கோகெய்ன் ஏற்றிய தம் உதவியாளரின் காலைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தாராம். மறுநாள் இருவருக்கும் தலைவலி.)

"இங்கே இரவெல்லாம் மூச்சை எண்ண ஆள் இருக்கிறது. அதனால்தான் மார்ஃபின் கொடுக்கத் துணிகிறேன்," என்றார். அளவு, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. நான் கையெழுத்திட்டேன். இத்தனை சிறிய அளவைப் பற்றி இத்தனை நேரம் நான் யோசித்ததில்லை.

செவிலியர் மணிக்கொரு முறை வந்து எண்ணினார். இடைப்பட்ட நேரத்தில் நான் எண்ணினேன். யாப்பு வகுப்பில் மாத்திரை எண்ணிப் பழகியவன். ஆனால் இங்கே பதினான்கு, பதின்மூன்று, மீண்டும் பதினான்கு என்று வரும்போதெல்லாம் என் மூச்சு நின்று நின்று வந்தது.

நள்ளிரவில் அம்மா கண் விழித்தார்.

"நோவுதுங்களாம்மா?"

"நோவெல்லாம் இல்ல கண்ணு. மூக்குத்தான் நமநமங்குது. கொஞ்சம் சொறிஞ்சு உடு."

மார்ஃபின் தரும் அரிப்பு பற்றி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். விடியும்வரை சொறிந்துவிட்டேன்.