ஹால்சாண்ட்ஸ்: கூழாங்கல்லோடு போன ஊர்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், ஸ்டார்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்குச் சற்று வடக்கே, செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில், கூரையிழந்த சில கல்சுவர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. வாசலாகவும் சன்னலாகவும் இருந்த திறப்புகள் வழியாக இப்போது அலைதான் தெரிகிறது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 37 வீடுகளும் 159 மக்களும் கொண்டிருந்த ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவ ஊரின் எச்சங்கள் இவை.

பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் இடையே இயற்கையாக அமைந்த ஒடுங்கிய பாறைமேடைமீது, ஒற்றைத் தெருவின் இருபுறமும் வீடுகளும், 'லண்டன் இன்' என்ற மதுவிடுதியும் நெருக்கமாக எழுந்திருந்தன. நண்டு பிடிப்பதே முதன்மைத் தொழில். கடலிலிருந்து திரும்பும் படகை நோக்கி, பழக்கப்பட்ட நியூஃபவுண்ட்லாந்து இன நாய்கள் அலைக்குள் நீந்திச் சென்று, வீசப்படும் கயிற்றின் நுனியை வாயில் கவ்விக் கரைக்குக் கொண்டுவர, காத்திருக்கும் ஆண்களும் பெண்களும் அதைப் பற்றிப் படகைக் கூழாங்கற்களின்மீது இழுத்து ஏற்றுவார்கள். அந்தக் கூழாங்கற் கரை படகுத்துறையாக மட்டுமன்றி, அலையின் வேகத்தை உள்வாங்கி வீடுகளைக் காத்த அரணாகவும் இருந்தது.

1890களில் பிரிட்டிஷ் கடற்படை, பிளிமத் நகரையொட்டிய கீயம் கப்பல் தளத்தை விரிவாக்க முனைந்தபோது, கான்கிரீட்டுக்குத் தேவையான சரளைக் கல்லை ஸ்டார்ட் விரிகுடாவிலிருந்து அள்ள, ஒப்பந்ததாரர் சர் ஜான் ஜாக்சனுக்கு வாணிப வாரியம் என்ற அரசுத் துறை அனுமதி வழங்கியது. 1897இல் தொடங்கிய இப்பணியில் நாளொன்றுக்கு 1,600 டன் வரையிலும், மொத்தத்தில் ஏறத்தாழ 6,50,000 டன்னும் அள்ளப்பட்டன. ஊரார் தொடக்கத்திலேயே அஞ்சி முறையிட்டனர். ஆபத்து நேர வாய்ப்பில்லை என்று விசாரணை முடிவு சொன்னது. எடுத்த இடத்தைக் கடலே புதுக் கல் கொண்டு நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. உண்மையில் அந்தக் கற்கள், கடைசிப் பனியூழிக்குப் பின் கடல்மட்டம் உயர்ந்தபோது, கடலடியிலிருந்து கரைநோக்கித் தள்ளப்பட்டுச் சேர்ந்த பழைய இருப்பு. புதிதாக வந்து சேர்வதற்குப் போதிய ஊற்று எதுவும் விரிகுடாவில் இல்லை. பல்லாயிரம் ஆண்டுச் சேமிப்பை ஆண்டு வருமானமாகக் கருதிச் செலவிட்ட இந்தப் பிழைதான் ஊரின் முடிவை எழுதியது.

1902 ஜனவரியில் அனுமதி திரும்பப் பெறப்பட்டபோது, கரை 7 முதல் 12 அடி வரை தாழ்ந்திருந்தது. அதையடுத்து வந்த புயல்களில் சில வீடுகள் சிதைய, பொறியாளர் ரிச்சர்ட் ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த் வடிவமைத்த அலைதடுப்புச் சுவர் கட்டப்பட்டது. கல் அள்ளியதன் விளைவை அளந்து ஆராய்ந்து, ஆதாரத்தோடு எழுதியவரும் அவரே. சுவர் சில ஆண்டுகள் தாங்கியது. 1917 ஜனவரி 26ஆம் நாள் இரவு, வடகிழக்குச் சூறைக்காற்றும், கடல்மட்டம் வழக்கத்தினும் மேலெழும் பேரோதமும் ஒருசேர வந்தபோது அது உடைந்தது. இருளில் மக்கள் பாறைச் சரிவின்மேல் ஏறித் தப்பினர். ஓர் உயிரும் போகவில்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் வாழத் தகுந்த நிலையில் எஞ்சியது ஒரே வீடு. அதுவே எலிசபெத் பிரெட்டிஜானின் வீடு. இழப்பீட்டுக்காக ஊரார் பல ஆண்டுகள் போராடி, சிலர் வடக்கே மேட்டுநிலத்தில் குடியேறிய பிறகும், அவர் தனியாக அங்கேயே வாழ்ந்து, வருவோருக்கு அந்த இரவைப் பற்றிச் சொல்லிவந்தார், 1964இல் மறைந்தார். எழுத்தில் எஞ்சிய அரசுக் கோப்புகளுக்கு நிகரான மதிப்பு அவருடைய நினைவுகளுக்கும் உண்டு.

அவ்வூரின் மற்றொரு பெண்ணான எல்லா டிரவுட், வீடுகள் அழிந்த அதே 1917இல், வெடித்து மூழ்கிய நியூஹோம் கப்பலின் மாலுமி ஒருவரைப் படகு வலித்துச் சென்று காப்பாற்றி அரசின் விருது பெற்றார்; பின்னர் அவரும் சகோதரிகளும் பாழூருக்கு மேலே ஒரு விடுதியைக் கட்டி நடத்தினர்.

ஹால்சாண்ட்ஸைக் கடல் கொண்டது என்று பல பயண நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முறையீட்டைக் கேட்டும் அனுமதியைத் தொடரவிட்ட வாணிப வாரியமும், கல்லை அள்ளிய ஒப்பந்ததாரரும் அந்த வரியில் இடம்பெற வேண்டும்.