படிக்கட்டு எங்கே?

பட்டணம் பாக்கப் போன சனம் ஊருக்குத் திரும்பியதும் ரெண்டைச் சொல்லும்: கடலைப் பாத்தேன், எல்.ஐ.சி.யைப் பாத்தேன். ஒருத்தன் மெட்ராசுக்கு வந்துட்டான் என்று காட்ட சினிமாக்காரர்களும் அந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள். அண்ணாந்து பார்த்தது போதும். அதற்குள்ளே யார் போனார்கள், எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்போம்.

1920 ஜனவரியில் 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் பல மாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். அதில் மாடிக்கு மாடி ஏறப் படிக்கட்டு கிடையாது. பிறந்த மாடியிலேயே சாக வேண்டியதுதான். 39 வருடம் கழித்து, 1959 ஆகஸ்டில், மவுண்ட் ரோட்டில் 177 அடி உயரத்தில் எல்.ஐ.சி. கட்டடம் திறக்கப்பட்டது. தூணும் சிற்பமும் இல்லாத கான்கிரீட் உடம்பு, வரிசை வரிசையாக ஜன்னல், உள்ளே லிஃப்ட்.

லிஃப்ட் சாதி கேட்காது. வாசல் கேட்கும். கட்டத் தொடங்கியது யுனைடெட் இந்தியா என்ற தனியார் காப்பீட்டுக் கம்பெனி. தனியாரிடம் வேலை என்பது தெரிந்தவர் வழியாகப் போவது. நமக்கு அங்கே தெரிஞ்சவன் யாரு? 1956இல் 245 காப்பீட்டு நிறுவனங்களை அரசுடைமையாக்கி எல்.ஐ.சி.யை உருவாக்கினார்கள். இடஒதுக்கீடு என்ற படிக்கட்டு அதற்கு அப்புறம்தான் வந்தது. சேரிப் பிள்ளை பரீட்சை எழுதி உள்ளே போனான். ஒரு சம்பளத்தில் தம்பி தங்கச்சி படித்தார்கள், கூரை வீடு ஓட்டு வீடாச்சு. எவரும் போட்ட பிச்சை இல்லை அது.

2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதப் பங்கை அரசு விற்றது. சின்னக் கணக்குதானே என்பார்கள். படிக்கட்டை ஒவ்வொரு கல்லாகத்தான் பெயர்ப்பார்கள்.

மாநகராட்சியைப் பாருங்கள். 2022இல் சென்னை மேயர் நாற்காலியில் முதல்முறையாக ஒரு தலித் பெண் உட்கார்ந்தார். 2025 ஆகஸ்டில் அதே ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள், பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவு போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

மேலே ஒரு நாற்காலி கிடைத்தால் கீழே படிக்கட்டு இருக்கிறது என்று அர்த்தமில்லை. குப்பை அள்ளுகிறவருக்கு நிரந்தர வேலை, தனியார் துறையிலும் இடஒதுக்கீடு. இந்த ரெண்டும் வருகிற வரைக்கும் எத்தனை மாடி கட்டினாலும் அது அம்பேத்கர் சொன்ன அதே கோபுரம்தான்.