வாலிபனின் கணக்குப் புத்தகம்

வாலிபப் பருவத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அப்பருவத்தைக் கடந்து சென்றவர்களே. நாற்பது ஐம்பது வயதுக்குமேல் ஒருவர் தம் இளமையை எழுத அமரும்போது, ஞாபகசக்தி அவருக்குக் கணக்கப்பிள்ளையாக நின்று உதவுகிறது. ஆனால் அந்தக் கணக்கப்பிள்ளை முதலாளியின் முகம் பார்த்துக் கணக்கெழுதும் சுபாவம் உள்ளவர். கொடுத்த கடன் யாவும் ஏட்டில் நிற்கும். வாங்கிய கடனுட் பாதி மறைந்துவிடும். வாலிபன் ஒருவன் தன் வாலிபத்தை, அது நடந்துகொண்டிருக்கும்போதே, அன்றன்றைய வரவு செலவோடும் ஆசை நிராசையோடும் எழுதிவைப்பது அரிது. அங்ஙனம் எழுதியது அழியாமற் கிடைப்பது அதனினும் அரிது.

அவ்வாறு கிடைத்த ஏடுகளுள் ஒன்று ஜேம்ஸ் பொஸ்வெல் என்ற ஸ்கொத்லாந்து இளைஞனின் இலண்டன் நாட்குறிப்பாகும். டொக்டர் ஜோன்சனின் வாழ்க்கை வரலாற்றை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற அதே பொஸ்வெல்தான். ஆனால் இந்த நாட்குறிப்பை எழுதியபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு, புகழ் ஒன்றும் இல்லை, உத்தியோகமும் இல்லை. 1762ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆந் திகதி எடின்பரோவை விட்டுப் புறப்பட்டவன், அரச காவற்படையில் ஓர் உத்தியோகம் பெறலாம் என்ற ஆசையோடு இலண்டனை அடைந்தான். 1763 ஆகஸ்டு வரையில் அவன் அங்கே கண்டதும் உண்டதும் காதலித்ததும் கடன்பட்டதும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் அந்த ஏடுகள் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தன. வேறொருவரின் கடிதங்களைத் தேடி ஸ்கொத்லாந்திலுள்ள பெற்றர்கெயார்ன் மாளிகைக்குச் சென்ற அபொட் என்ற பேராசிரியர் 1930ஆம் ஆண்டளவில் அவற்றைக் கண்டெடுத்தார். அச்சில் வந்தது 1950ஆம் ஆண்டில். வந்தவுடன் ஏராளமாக விற்பனையாகிற்று என்பர். இரு நூற்றாண்டுக்கு முற்பட்ட ஒரு வாலிபனின் சில்லறைக் கணக்கை உலகம் விரும்பிப் படித்ததற்குக் காரணம் என்ன? அதிலே தன் முகத்தைக் காணாதவன் எவனும் இல்லை என்பதே காரணம்.

முதலில் அவன் செலவைப் பார்ப்போம். தந்தை அவனுக்கு அளித்த படி ஆண்டொன்றுக்கு 200 பவுண். ஆறு வாரத்துக்கொரு முறை 25 பவுணாக அது வந்து சேரும். இலண்டன் சேர்ந்ததும் பொஸ்வெல் மிகுந்த பொறுப்போடு ஒரு திட்டம் வகுத்தான். வாடகை அறைக்கு 50 பவுண், மத்தியான உணவுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங், மெழுகுதிரிக்கு இவ்வளவு, நிலக்கரிக்கு இவ்வளவு, சலவைக்கு இவ்வளவு, சப்பாத்துத் துடைப்பதற்குக்கூட ஒரு தொகை. உடுப்புக்கு எவ்வளவு ஒதுக்கினான் என்று நினைக்கிறீர்கள்? அதற்கும் 50 பவுண்! இருக்க ஓர் அறையும் உடுக்க ஆடையும் ஒரே விலை. ஆண்டு முழுவதும் உண்ணும் மத்தியான உணவுக்கோ பதினெட்டுப் பவுணளவே ஆகும். வயிற்றைக் குறைத்து வெளித்தோற்றத்தைக் காப்பாற்றும் இந்தப் பொருளாதாரத்தை எந்த நூலும் கற்பிப்பதில்லை. ஆயினும் எல்லாத் தேசத்து வாலிபரும் அதனைத் தாமே கற்றுக்கொள்கின்றனர். காசு குறைந்த நாட்களில் பாணும் பாற்கட்டியும் உண்டு பொழுதைப் போக்கினான் பொஸ்வெல். பழைய தொப்பியில் இருந்த சரிகையைக்கூடக் கழற்றி விற்றான்.

அதே வாலிபன் ஒருநாள் வாட்கடைக்குச் சென்று, ஐந்து கினி விலையுள்ள அழகிய வாளொன்றைத் தெரிந்தெடுத்து, “கையிற் காசு இல்லை; நம்பித் தருவீரா?” என்று கேட்டான். முன்பின் அறியாதவர்க்குக் கடன் கொடுப்பதில்லை என்றார் கடைக்காரர். பொஸ்வெல் கோபிக்கவில்லை. அது நியாயமே என்று பணிவாகக் கூறி, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றான். கடைக்காரர் மனம் இளகி வாளைக் கொடுத்துவிட்டார். தன் தோற்றத்துக்கு இலண்டன் மாநகரில் என்ன மதிப்பு உண்டு என்று அறிவதற்காகவே அவன் அந்தப் பரீட்சையை நடத்தினான். பின்னர் காசை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு நில்லாமல், இனி எவரையும் இப்படி நம்பவேண்டாம் என்று கடைக்காரருக்குப் புத்தியும் சொல்லி வந்தானாம்!

இனி, காதல். குடும்பத்தினர் யாவரும் படிக்கும் இப்பகுதியில் அதனைச் சுருக்கமாகவே கூறலாம். லூயிசா என்று புனைபெயரிட்டு அவன் குறிப்பிடும் ஒரு நாடக நடிகையிடம் பொஸ்வெல் மனத்தைப் பறிகொடுத்தான். பழக்கம் தொடங்கிய சில நாட்களில் அவளுக்கு ஒரு பண முடை நேர்ந்தது; இரண்டு கினி கொடுத்துதவினான். இரண்டு கினி என்றால் 42 சிலிங். அவன் திட்டப்படி 42 நாள் மத்தியான உணவு. 1763 ஜனவரி மாதம் இருவரும் ஒரு விடுதியிற் கூடினர். அந்தச் சந்திப்புக்குத் தனக்கான செலவு பதினெட்டு சிலிங் மட்டுமே என்று அவன் பெருமையோடு கணக்கிட்டு எழுதினான். ஆனால் சில தினங்களுக்குள் அவனுக்கு நோய் கண்டது. ஐந்து வாரமளவில் அறையினுள்ளே அடைபட்டுக் கிடந்தான். வைத்தியருக்கு ஐந்து கினி கொடுக்க வேண்டியதாயிற்று. பதினெட்டு சிலிங் என்று முடித்த கணக்கு முடியவில்லை!

அப்பொழுது அவன் செய்த காரியந்தான் என் மனத்தை விட்டு அகலாதது. கடனாகக் கொடுத்த இரண்டு கினியைத் திருப்பித் தரும்படி அவளுக்குக் கடிதம் எழுதினான். ஒரு வாரம் சென்றது. ஒரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கினி. சுற்றியிருந்த கடுதாசியில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஏசி எழுதியிருந்தால் பதிலுக்கு ஏசியிருப்பான்; அழுது எழுதியிருந்தால் ஒருவேளை ஓடிப்போய்ப் பார்த்திருப்பான். வெறுங் கடுதாசிக்கு என்ன பதில் எழுதுவது? தான் அளவுக்கு மீறிக் கடுமையாக நடந்துவிட்டோமோ என்று அவன் மனங் குழம்பியதாக அன்றைய குறிப்பிலே காண்கிறோம். பணம் முழுவதும் திரும்பிவந்த நாளிலேதான் அவன் மனத்தில் நட்டக் கணக்குத் தொடங்கிற்று. வேறொருவர் அவனைக் குற்றஞ் சாட்டி எழுதிய வரி அன்று. தன் கையாலே தனக்கு எதிராக எழுதிய வரி. ஏடு எழுதும் பழக்கத்தின் சிறப்பு இதுவே எனலாம்.

இவற்றையெல்லாம் அவன் யாருக்காக எழுதினான்? ஸ்கொத்லாந்தில் இருந்த ஜோன் ஜோன்ஸ்ரன் என்ற ஒரேயொரு நண்பனுக்காக. எழுதிய தாள்களைக் கட்டித் தபாலில் அவனுக்கு அனுப்புவது வழக்கம். ஒருவன் அறியட்டும் என்று எழுதியதை வேறு சிலரும் அறிய நேர்ந்தது. செய்தி தந்தையின் காதுக்கு எட்டிற்று. தந்தையார் ஓக்கின்லெக் பிரபு என்ற பெயருடைய நீதிபதி. சிரிப்பே அறியாத கண்டிப்புக்காரர். குடும்பத்துக்குத் தலைமகனானவன் இப்படி எழுதிப் பிறர் கையிற் கொடுப்பதா என்று சீறி, பரம்பரைச் சொத்தையே விற்றுவிட நினைத்ததாக மகனுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த ஆண்டு மே 16ஆந் திகதிதான் பொஸ்வெல் ஒரு புத்தகக் கடையின் பின்னறையில் முதன்முதலாக ஜோன்சனைச் சந்தித்திருந்தான். ஜோன்சனுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. ஜூலை மாதத்தில் ஒருநாள் அவர், வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி நாட்குறிப்பாக எழுதிவரும்படி தாமாகவே அவனுக்கு அறிவுரை கூறினார். ஆனால் அதனை அந்தரங்கமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்றும், தான் இறந்தபின் எரித்துவிட ஒரு நண்பனிடம் சொல்லிவைக்கலாம் என்றும் கூறினார். ஒருவனைத் தந்தை ஏசியதும் ஆசான் புகழ்ந்ததும் ஒரே பழக்கத்துக்காகவே! ஊன்றி நோக்கினால் இருவர் கருத்தும் முற்றாக மாறுபட்டவை அல்ல என்பது புலனாகும். எழுதியது பிறர் கையில் அகப்பட்டதே தந்தைக்குப் பிழையாகப் பட்டது. எழுது, ஆனால் மூடிவை என்றார் ஆசான்.

நாட்குறிப்பு நம்மவர்க்குப் புதியதன்று. ஜோன்சன் பிறந்த அதே 1709ஆம் ஆண்டிற் பிறந்த ஆனந்தரங்கப்பிள்ளை, புதுச்சேரியில் 1736ஆம் ஆண்டு தொடக்கம் தம் இறுதிக் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், துய்ப்ளேக்சுத் துரை பேசியதும், வியாபாரமும், யுத்தமும் அதில் விரிவாக உண்டு. இருபத்தேழு வயதில் எழுதத் தொடங்கியவரின் ஏடாயினும், அதிலே நாம் காண்பது ஓர் ஊரின் வாழ்வும் அரசியலுமே. வாலிபன் ஒருவனின் நெஞ்சக் கணக்கைத் தேடுவோருக்கு அது வேறு வகையைச் சேர்ந்தது.

நம் பிள்ளைகள் இக்கணக்கை எழுதுவதில்லை என்று எண்ணிவிடவேண்டாம். கல்லூரியில் என்னிடம் படித்து, இப்போது கொழும்பில் ஒரு கம்பெனியிற் கணக்கு வேலை பார்க்கும் வாலிபன் ஒருவன் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க வருவான். வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருவரோடு சேர்ந்து வசிக்கிறான். சென்ற ஆண்டு வந்தபோது, சம்பளம் மாதக் கடைசிவரை தாக்குப்பிடிப்பதில்லை என்று குறைப்பட்டான். தொழிலே கணக்கு ஆதலின், செலவு முழுவதையும் கைத்தொலைபேசியிற் குறித்து வைத்திருந்தான். அதை எனக்குக் காட்டினான். அறை வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்பியது, தங்கையின் படிப்பு என எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவற்றின் கீழே ‘இதரம்’ என்று ஒரு பகுதி. அது மாதத்துக்கு மாதம் வளர்ந்து, வீட்டுக்கு அனுப்பும் தொகைக்குச் சமமாக வந்து நின்றது. இதரம் என்றால் என்ன என்று கேட்டேன். சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “சேர், இதரம் என்பது ஓர் ஆள்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் அவன் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையும் வேலை பார்க்கிறாள். தேநீர்ச் செலவு, படம் பார்த்த செலவு, பிறந்தநாளுக்கு ஒரு சேலை. தவறான நடத்தை என்று ஒன்றும் இல்லை. ஆயினும் வயலை நம்பிச் சீவிக்கும் தகப்பனுக்கும், பல்கலைக்கழகம் புகக் காத்திருக்கும் தங்கைக்கும் சேரவேண்டிய காசைத் தான் களவெடுப்பதுபோல அவனுக்குத் தோன்றிற்று. “இந்தப் பழக்கத்தை நிறுத்துவதா, சேர்? அல்லது கணக்கெழுதுவதை நிறுத்துவதா?” என்று கேட்டான்.

நான் அவனுக்கு இரண்டு கினியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன், “அந்தப் பெண்ணுக்கு நோய் இருந்தது தெரிந்திருக்குமா?” என்று கேட்டான். அவளே அறியாதிருந்திருக்கலாம் என்பது எனக்கும் தோன்றுவதே என்றேன். “அப்படியானால் காசைக் கேட்டிருக்கக் கூடாது” என்றான். அவன் உள்ளம் எத்தகையது என்பது எனக்கு அப்பொழுது விளங்கிவிட்டது. கணக்கையும் நிறுத்தவேண்டாம், பழக்கத்தையும் முறிக்கவேண்டாம், ‘இதரம்’ என்ற சொல்லை மாத்திரம் எடுத்துவிட்டு அங்கே உரிய பெயரை எழுது என்றேன். பெயரை எழுதமுடியுமானால் தகப்பனிடமும் சொல்லமுடியும். எழுதக் கூசினால் எதற்காகக் கூசுகிறாய் என்று உன்னையே கேட்டுப்பார் என்றும் சொன்னேன்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது அவன் வீட்டிலே சொல்லிவிட்டான். தகப்பன் இரண்டு நாள் வாய்திறக்கவில்லையாம். மூன்றாம் நாள் வயலால் வந்து கால் கழுவும்போது, “எந்த ஊர்ப் பிள்ளை?” என்று கேட்டாராம். ஊரைக் கேட்டதும், “தங்கச்சியின் படிப்பு முடியட்டும்” என்றாராம். அதற்குமேற் பேச்சில்லை. இது சம்மதமா மறுப்பா என்று அவனுக்கு இன்னமும் விளங்கவில்லை. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் அறிவுக்கு எட்டியவரையில், அது தவணை கொடுக்கும் பேச்சு; கதவைச் சாத்தும் பேச்சன்று. ஓக்கின்லெக் பிரபுவுக்குச் சட்டமும் செல்வமும் இருந்தும் சொல்லத் தெரியாத ஒன்றை அந்த விவசாயி இரண்டு சிறு வாக்கியங்களிற் சொல்லிவிட்டார்.

நாட்குறிப்பு எழுதினால் வாலிபர் திருந்திவிடுவர் என்று நான் கூறவரவில்லை. பொஸ்வெல் திருந்தவில்லை. 1795ஆம் ஆண்டில் இறக்கும்வரை மதுவும் பழைய பிழைகளும் அவனைத் தொடர்ந்தன. ஆனால் பிறர் பேச்சையும் தன் நெஞ்சையும் அன்றாடம் கூர்ந்து கேட்டு எழுதிய அந்தப் பயிற்சிதான், ஜோன்சனின் குரலை இன்றும் நாம் கேட்கும்படி செய்தது. இப்பொழுது நம் இளைஞர் தம் நினைவுகளை அவை தோன்றிய கணத்திலேயே ஆயிரம்பேர் பார்வைக்கு அனுப்பிவிடுகின்றனர். ஆயிரம்பேருக்கு எழுதுபவன் தான் அழகாகத் தோன்றும் பக்கத்தையே காட்டுவான், அஃது இயல்பு. இரண்டு கினியைக் கேட்டு வாங்கிய கதையை ஒரு நண்பனுக்கோ ஒரு கொப்பிக்கோ மட்டுமே எழுதமுடியும்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு கொப்பி வாங்குங்கள், செலவை எழுதுங்கள், ‘இதரம்’ என்று எதையும் எழுதாதீர்கள். தந்தையர்க்கும் ஒரு வார்த்தை: அந்தக் கொப்பியைத் தேடி எடுத்துப் படிக்காதீர்கள். பிள்ளை தானாக வந்து சொல்லும் நாளில், ஊரை மட்டும் கேளுங்கள்.