சிட்டைகள் சொன்ன கணக்கு

வரலாற்று மாணவனுக்குச் சான்றுகளின் அருமையை விரிவுரை மண்டபமே உணர்த்தும் என்பர். எனக்கு அதனை உணர்த்தியது வெள்ளவத்தையில் உள்ள ஓர் உணவகத்தின் சமையற்கட்டு. விடுமுறைக் காலத்தில் அங்கு காசுப்பட்டறையில் வேலைபார்த்தபோது நேர்ந்ததொன்றை ஈண்டுக் கூற விழைகிறேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியிற் பட்டதே காரணமென வலுசக்தி அமைச்சர் கூறியபோது ஊரே நகைத்தது. எமது கடையில் அந்நகைப்பு நீடிக்கவில்லை. கணினிக்குத் துணையாயிருந்த மின்கலம் நெடுநாளாகப் பழுதுற்றிருந்தது. மின்சாரம் மீண்ட பின்னர் விற்பனைப் பதிவு திறக்க மறுத்தது. அச்சங்கொண்ட நான், எவரையும் கேளாது, மென்பொருளை இரு தடவை மீள நிறுவிப் பார்த்தேன்.

மறுநாள் வந்த தொழினுட்பவியலாளர் முதலிற் கேட்டது, “இதில் யார் கைவைத்தது?” என்பதே. பழுதுற்ற வன்தட்டில் எதனையும் எழுதலாகாது. முதலில் அதனை முழுமையாகப் பிரதிசெய்து, அப்பிரதியிலேயே தேடவேண்டும் என அவர் விளக்கினார். இத்தகைய மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு நிகழ்வுப் பதிவேட்டிற் குறித்து, அதன் பின்னரே பிரதான தரவுத்தளத்திற் சேர்க்கும். தளம் சிதைந்தாலும் பதிவேடு எஞ்சியிருப்பின், நடந்தவற்றை வரிசையாக மீட்டெடுக்கலாம். இரவுதோறும் காப்புப்பிரதி எடுக்கவென வைத்திருந்த பென்ட்ரைவ் ஜனவரி 31 உடன் நிரம்பிவிட்டது. அதனை எவரும் கவனித்திலர். பெப்ரவரி 1 முதல் 6 வரையானவற்றை அவர் பதிவேட்டிலிருந்து மீட்டார். எஞ்சிய பகுதியின்மீது எனது மீள்நிறுவல் எழுதப்பட்டுவிட்டது. 7ஆம், 8ஆம் திகதிகளும் 9ஆம் திகதிக் காலையும் அழிந்தன. அழித்தவன் நானே.

காசும் வங்கி அட்டைச் சிட்டைகளும் இருக்கையில் கணக்கில்லாமற் போனால் என்ன என்று வாசகர் வினவலாம். மேசையில் உண்போரின் பில்லில் நூற்றுக்குப் பத்துச் சேவைக்கட்டணம் சேரும். மாதமுடிவில் அது தொழிலாளரிடையே பங்கிடப்படும். பார்சலுக்கு அக்கட்டணம் இல்லை. எது மேசை, எது பார்சல் என்பதைப் பெட்டியில் இருந்த பணம் சொல்லாது. முந்திய ஆறு நாள்களின் சராசரியைக் கொள்வோம் என்றார் முதலாளி. அவர் கெட்டவரல்லர், இலகுவான வழியைக் கூறினார். ஆயின் சனி இரவு திருமண வீட்டாரொருவர் மண்டபம் நிறைய வந்திருந்தனர். அவர்களுக்காக நள்ளிரவுவரை நின்ற கால்களைச் சராசரி எவ்வாறு அறியும்?

சமையற்கட்டில் ஒரு கம்பியிற் குத்தப்பட்டிருந்த சிட்டைகளே எமக்குக் கைகொடுத்தன. பட்டறையிலுள்ள அச்சுப்பொறி வெப்பத்தாள் கொண்டது. அத்தாள் அடுப்பின் சூட்டில் கறுத்துவிடும். அதனாற் சமையற்கட்டில் நாடா பூட்டிய பழைய வகை அச்சுப்பொறியே இருந்தது. அச்சிட்டைகளில் விலை இல்லை. மேசை இலக்கமும், உணவும், நேரமும், தொடரிலக்கமும் இருந்தன. விலைப்பட்டியலைக் கொண்டு விலையிட்டோம். அட்டைக்குக் காசு கட்டியோரின் பில்களை வங்கிச் சிட்டைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். தொடரிலக்கம் இருந்தமையால் இல்லாதவையும் தம்மைக் காட்டிக்கொண்டன. பத்தொன்பது இலக்கங்களைக் காணவில்லை. சனி இரவின் நெருக்கடியில் அவை கழுவுதொட்டி நீரோடு போயிருக்கவேண்டும்.

அப்போதுதான் மூத்த பரிமாறுநர் தமது சீ.ஆர். கொப்பியைக் கொணர்ந்து வைத்தார். தாம் பரிமாறிய மேசைகளையெல்லாம் இரவுதோறும் அதில் எழுதுவது அவர் வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், “கணினி இருக்க இது ஏன் அண்ணை?” என்று சிரித்திருக்கிறேன். அன்று அவர் மறுமொழி கூறவில்லை. இன்று கொப்பியை விரித்தபடி கூறினார்: “மெசின் எழுதுறது முதலாளியின்ரை கணக்கு, தம்பி. இது என்ரை கணக்கு.”

பத்தொன்பதில் பதினாறு அக்கொப்பியிற் கிடைத்தன. எஞ்சிய மூன்றுக்கும் சான்றில்லை. ஊகத்தால் அவற்றை நிரப்பாது வெற்றிடமாகவே விட்டோம். அவ்வாறிருந்தும் சராசரி தந்திருக்கக்கூடியதிலும் கூடிய தொகை சேவைக்கட்டணமாகத் தேறியது. முதலாளி மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

காசுப்பதிவு இயந்திரத்துக்கு 1879இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் ரிற்றி, அமெரிக்காவின் டேற்றன் நகரில் மதுச்சாலை நடத்தியவர். வருமானம் ஊழியரின் சட்டைப்பைக்குள் மறைவதைத் தடுக்கவே அவர் அதனை ஆக்கினார். தொழிலாளியின்மீது கொண்ட ஐயத்திற் பிறந்த இயந்திரம் அது. அதன் வழித்தோன்றல் நினைவிழந்தபோது அதிகம் இழக்கவிருந்தவனும் தொழிலாளியே. முதலாளிக்கு வங்கி சாட்சி சொல்லும். அவனுக்கு எண்ணெய் படிந்த கடதாசியும் ஒரு கொப்பியுமே சாட்சி. ஏட்டில் இடம்பெறாத மக்களின் வரலாற்றை எங்கே தேடுவதென எமது வகுப்பில் அடிக்கடி வாதிடுகிறோம். அவ்வாதத்தின்போதெல்லாம் அக்கம்பி என் கண்முன் தோன்றுகிறது.

இப்போது அங்கு இரவுதோறும் காப்புப்பிரதி எடுக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை அதனைத் திறந்தும் பார்க்கின்றனர். அண்ணை தமது கொப்பியை நிறுத்தவில்லை. நிறுத்தும்படி கூறும் துணிவு எனக்கும் இல்லை.