ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

சங்கத்தில் கல்வி மற்றும் பயிற்சிக் குழு என்று ஒன்று இருப்பதே, என் பெயரை அதில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். செயலாளர் போன் செய்தார். "மேடம், நீங்க சின்ன வயசு, கம்ப்யூட்டரும் தெரியும். குழுவுல உங்களைப் போட்டுட்டேன்." அவ்வளவுதான் நியமனம். நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நூலகர். மாவட்ட அளவில் நூலகர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்று சொன்னாலே தோழிகளுக்குச் சிரிப்பு வரும். "கூட்டத்துல யாரும் சத்தமா பேச மாட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருமே கல்லூரி நூலகர்கள். அது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் பயிற்சி நடத்த வேண்டும். அரங்கு பிடிக்க வேண்டும், பேச ஆள் பிடிக்க வேண்டும், ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று முந்தின நாள் இரவு சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி எண்ணிக்கைதான் எங்களுக்கு ஒருமுறையும் சரியாக வந்ததில்லை. 60 பேருக்குச் சொன்னால் 22 பேர் வருவார்கள். மிச்ச சாம்பார் சாதத்தைப் பக்கத்து விடுதிக்கு அனுப்பிவிட்டு, "மக்களுக்கு ஆர்வமே இல்ல" என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பாடத்திட்டம் போட்டது நான்தான். கோஹா மென்பொருள், மார்க் 21 பதிவுமுறை என்று நான் எம்.லிப்-இல் ஆசையாகப் படித்ததையெல்லாம் அதில் வைத்தேன். கோஹா நியூசிலாந்தில் ஒரு நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மார்க்கில் ஆசிரியர் பெயர் 100இல், தலைப்பு 245இல். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மட்டும் ஒரு மணிநேரம் சண்டை போடலாம். போட்டோம்.

வராதவர்கள் பெரும்பாலும் பொது நூலகங்களில் வேலை பார்ப்பவர்கள். கிளை நூலகங்கள், அதைவிடவும் ஊர்ப்புற நூலகங்கள். "பொது நூலகர்களிடம் ஆர்வத்தைத் தூண்ட ஆவன செய்ய வேண்டும்" என்று ஆண்டறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன். ஆவன என்ற சொல்லை வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் பயன்படுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அந்த அக்கா வந்திருந்தார். கடைசி வரிசை. நாங்கள் கொடுத்த ஃபைலைத் திறக்காமல், தான் கொண்டுவந்த நீள நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். மூன்று மணி இருக்கும், பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், நாலு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் ஆறே முக்காலுக்குத்தான். சர்டிபிகேட்ட இப்பவே தர முடியுமா?"

சான்றிதழ்கள் மேசையில்தான் இருந்தன, கையெழுத்தெல்லாம் போட்டு. அவர் பெயர் எழுதியது மேலேயே தெரிந்தது. ஆனால் முழுநாளும் இருந்தவர்களுக்கு மட்டுமே சான்றிதழ் என்று ஒரு விதி இருந்தது. கொண்டுவந்தது நான்தான். சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள், அதற்காக.

"முழுநாள் இருந்தாதான்க்கா. எல்லாருக்கும் ஒரே ரூல்."

அவர் வாதாடவில்லை. "சரிங்க மேடம். ஆபீஸ்ல பயிற்சின்னு சொல்லிட்டு வந்தேன், காட்டணும், அதான் கேட்டேன்" என்றார். பிறகு, பஸ் நேரத்தைச் சொன்ன அதே குரலில், "எதிர்வீட்டு அண்ணன்கிட்ட சாவியக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் பிள்ளைங்க நெறைய வரும். எங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமைல்ல" என்றார்.

எனக்குத் தெரியாத தகவல் இல்லை அது. பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது ஏழு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பள்ளி விட்டு ஓடிப்போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு வருடமாக ஒவ்வொரு அழைப்பிதழிலும் ஞாயிறு, ஞாயிறு என்று என் கையாலேயே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். அவரை அனுப்பிவிட்டு, அன்றைக்கு நாலரை மணிக்கு மற்றவர்களுக்குச் சான்றிதழ் வழங்கினோம். போட்டோ எடுத்தோம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தன்று, எஸ்.ஆர்.ரங்கநாதன் பற்றி மாணவர்களுக்கு ஒரு உரை ஆற்றுவேன். சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. அந்தச் சங்கம் அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி தர ஒரு கோடைப் பள்ளி நடத்தியது. 1931இல் அதைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். இந்த ஊரில் நூலகர் படிப்பு என்பதே எங்களைப்போல ஒரு சங்கம் இழுத்துப்போட்டுச் செய்த வேலையில் தொடங்கியது என்று பெருமையாகவும் சொல்வேன். "கோடை" என்ற சொல்லை மட்டும் அந்த ஞாயிறு இரவுதான் கவனித்தேன். ஆட்களுக்கு எப்போது ஒழியும் என்று யோசித்துத்தான் கோடையில் வைத்திருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. என் ஊகம்தான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாம் என்றேன். "நமக்கு லீவு கிடைக்காதே" என்றார்கள். மூத்தவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினோரு வருஷமா என் ஞாயித்துக்கிழமையக் குடுத்திருக்கேன். பேரப்பிள்ளை காதுகுத்துக்குக்கூட லேட்டாத்தான் போனேன். அது தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கொடுத்தது உண்மை. தன்னிடம் எந்த நாள் இருந்ததோ அதைத்தான் அவரால் கொடுக்க முடியும். அவரும் இன்னொருவரும் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவருக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை.

முதல் வெள்ளிக்கிழமைக்கு நான் தற்செயல் விடுப்பு எடுத்தேன். 30 பேருக்குச் சொல்லியிருந்தோம், 47 பேர் வந்தார்கள். ஹோட்டலில் இட்லி வாங்கி ஓட்டினோம். நான் கோஹாவைத் திரையில் போட்டதும், முன்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், எங்க லைப்ரரியில கம்ப்யூட்டரே இல்ல, கரையான்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். மதியம் பாடத்தை விட்டுவிட்டு, கிழிந்த புத்தகங்களைப் பற்றியே பேசினோம். பைண்டிங் தெரிந்த ஒருவர் மேடைக்கு வந்து மைதாப் பசை காய்ச்சும் பக்குவம் சொன்னார். பூச்சி வராமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டுமாம். முதுகுக்குக் காலிகோ துணி எப்படி வெட்டுவது என்று செய்தே காட்டினார். நூலக அறிவியலில் இரண்டு பட்டம் வாங்கியிருக்கிறேன், ஒரு புத்தகத்தை நான் தைத்ததில்லை.

கிளம்பும்போது ஒரு பெண் சொன்னார்: "வீட்டு வேலை பாக்க இந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்துச்சு. அதையும் எடுத்துக்கிட்டீங்களே மேடம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த அக்கா வரவில்லை. அவருடைய சான்றிதழ் என் கல்லூரி மேசை டிராயரில்தான் இருந்தது. பதிவுப் படிவத்திலிருந்து எண் எடுத்துப் போன் செய்து, தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு மேடம்? அன்னிக்கு லீவுன்னு போட்டாச்சு, ஒருநாள் சம்பளம் போச்சு. விடுங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல், அடுத்த முறை முழுநாளும் பைண்டிங்தான் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைதான் என்றும் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு விடுவீங்க?"

"மூணுக்கு."

"பாக்குறேன் மேடம். நிச்சயமா சொல்ல முடியல."

சமையல்காரரிடம் 50 சொல்லியிருக்கிறேன்.