பட்டியலில் இல்லாத ஊர்

ஜங்லிகாட்டில் குடியிருக்கும் அந்தக் கணக்காசிரியரிடம் நீளவாக்கில் திறக்கும் பேரேடு ஒன்று உண்டு. இந்தியன் சூப்பர் லீகின் ஒவ்வொரு வாரமும் முடிந்தபின் அணிகளின் பெயர், ஆடியவை, வென்றவை, தோற்றவை, புள்ளிகள் என்று கட்டம் போட்டு எழுதிவைப்பார். கைப்பேசியில் அனைத்தும் கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை என்று வீட்டில் எவரும் இப்போது கேட்பதில்லை. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ‘நம் கணக்கு’ என்று தலைப்பு. அதில் அவரே ஒரு வரிசை எண் இடுவார். அலுவல்முறைப் பட்டியலோடு அது ஒத்துப்போவது அரிது. போர்ட் பிளேயரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பேரேட்டின் முகப்பில் இன்னமும் பழைய பெயர்தான் இருக்கிறது.

அவருடைய கட்சி எளிமையானது. சாம்பியன் யார் என்பதை இறுதி ஆட்டம் சொல்ல வேண்டும், பட்டியல் சொல்லக்கூடாது. கணக்கு கற்பிப்பவர் எண்களை நம்பாமல் ஒற்றை ஆட்டத்தை நம்புவது முரணாகத் தோன்றலாம். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்தவர்களே அவற்றை ஐயுறுவார்கள் என்பது அவர் பதில். எத்தனை ஆட்டம் ஆடினாய் என்பதைக் கேட்காமல் எத்தனை புள்ளி என்று மட்டும் கேட்கும் பட்டியல், ஆடவே வாய்ப்பில்லாதவனைப் பூச்சியம் என்று எழுதிவிடுகிறது என்பார்.

இந்தக் கட்சியை எதிர்ப்பவள் அவருடைய அக்காள் மகள். 2024 மே 4 அன்று இரவு, அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த விடுமுறையில், மாமனும் மருமகளும் அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தைச் சேர்ந்து பார்த்தார்கள். கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கம். மோகன் பகானை 3-1 என்று வென்று மும்பை சிட்டி கோப்பையை உயர்த்தியது. ஆசிரியர் கைதட்டினார். அவள் தட்டவில்லை. பத்தொன்பது நாட்களுக்கு முன், ஏப்ரல் 15 அன்று, அதே அரங்கில், அதே இரண்டு அணிகள் மோதிய லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மோகன் பகான் 2-1 என்று வென்று கேடயத்தைப் பெற்றிருந்தது. மொத்தப் பருவத்திலும் முதலிடத்தில் நின்ற அணி அது.

“இருபத்திரண்டு மேட்ச் ஜெயிச்சும் தோத்தும் மேல வந்தவங்க சாம்பியன் இல்ல, கடைசி நாள் ஜெயிச்சவங்க சாம்பியனா மாமா?”

அந்தக் கேள்விக்கு அன்றிரவு விடை கிடைக்கவில்லை. இந்தியக் கால்பந்திடமும் அதற்குத் திருத்தமான விடை இல்லை என்பதுதான் உண்மை. லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்கு 2019-20 பருவத்திலிருந்து கேடயம் வழங்கப்படுகிறது. அந்த முதலாண்டிலேயே கேடயம் எஃப்.சி. கோவாவுக்கும், கோப்பை சென்னையின் எஃப்.சி.யை இறுதியில் வென்ற ஏ.டி.கே.வுக்கும் என இரண்டாகப் பிரிந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீகின் குழுச் சுற்றுக்குப் போனது கேடயம் வென்ற கோவாதான். ‘சாம்பியன்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டது ஏ.டி.கே. 2021-22இல் ஜாம்ஷெட்பூருக்குக் கேடயம், ஹைதராபாதுக்குக் கோப்பை. சொல் ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருப்பதை மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வாகை என்ற ஒரே பூவை இரண்டு தலைகளில் சூட்டும் ஏற்பாடு இது.

இதற்கும் முன்பு நிலைமை இன்னும் விசித்திரம். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி ஐ-லீகைக் கைப்பற்றியது. 43 புள்ளிகள்; இரண்டாமிடத்து ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அதே பருவத்தில் பெங்களூரு எஃப்.சி. இந்தியன் சூப்பர் லீகை வென்றது. இருவரும் ஒருவரோடொருவர் அந்த லீகுகளில் மோதவேயில்லை. அவ்வாண்டின் நாட்டுச் சாம்பியன் யார் என்று தேர்வில் கேட்டால் மாணவன் என்ன எழுதுவான்? ஆசிரியரின் பேரேட்டில் அந்தப் பக்கத்தில் சென்னை சிட்டியின் பெயர் சிவப்பு மையில் இருக்கிறது. அது தர்க்கத்தால் வந்த முடிவன்று, பாசத்தால் வந்தது என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவர் காட்டும் சான்று அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து. (அது வேறு விளையாட்டு, பந்து முட்டைவடிவம், பெரும்பாலும் கையாட்டம்.) அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் மேல்மட்டத்தில் ஆடுகின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆட்டங்களே ஆடுவதால் எல்லாரும் எல்லாரோடும் மோத இயலாது. ஆகவே வாக்கு. அசோசியேட்டட் பிரஸ் 1936 முதல் செய்தியாளர்களின் வாக்கைக் கொண்டு வரிசை வெளியிட்டு வருகிறது. 1998இல் வாக்கையும் கணினிக் கணக்கையும் கலந்து முதலிரு அணிகளைத் தேர்ந்து மோதவிடும் முறை வந்தது. 2003 பருவத்தில் அம்முறையின்படி எல்.எஸ்.யு. சாம்பியன், செய்தியாளர் வாக்கின்படி தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் முதலிடம். மீண்டும் ஒரு பூ, இரண்டு தலை. 2014இல் பதின்மூன்று பேர் கொண்ட குழு நான்கு அணிகளைத் தேர்வு செய்யும் முறைக்கு மாறினார்கள். 2023இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று நின்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டை அக்குழு ஐந்தாமிடத்தில் வைத்தது. ஓர் ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை நான்காவதாக உள்ளே எடுத்தது. ஃப்ளோரிடாவின் முதன்மை ஆட்டக்காரர் காயமுற்றிருந்தார். அவரில்லாத அணி முன்போல் ஆடாது என்பது குழுவின் கணிப்பு.

ஆசிரியரைப் பொறுத்தவரை வழக்கு இத்தோடு முடிந்தது. தோற்கவே தோற்காதவனைத் தோற்றுவிடுவான் என்று ஊகித்துத் தள்ளுவது எந்த ஊர் நியாயம்? மருமகள் கைப்பேசியில் தேடி, அதன்பின் நடந்த ஆட்டத்தை எடுத்துக் காட்டினாள். ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றிருந்தது. அவர் அசரவில்லை. கோப்பைக்கு வழியில்லை என்றதும் பல ஆட்டக்காரர்கள் அந்த ஆட்டத்தில் இறங்கவேயில்லை. பட்டியல் முதலில் ஓர் அணியைக் கொன்றுவிட்டுப் பிறகு அதன் பிணத்தைச் சான்றாகக் காட்டுகிறது என்றார். அடுத்த பருவத்திலேயே நான்கு பன்னிரண்டாக விரிந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத் துறைகளில் இருப்போர் இதைத் தூரத்து வேடிக்கையாகப் பார்க்க இயலாது. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். வரிசையின் ஐந்து அளவுகோல்களில் ஒன்று ‘நன்மதிப்பு’. அதற்கு நூற்றுக்குப் பத்து. சக கல்வியாளரும் வேலையளிப்போரும் ஒரு நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதன் மதிப்பு அது. ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காத கல்லூரியைப் பற்றி ஒருவர் என்ன நினைப்பார்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையும் ஓர் எண்ணாகிப் பட்டியலில் ஏறிக்கொள்கிறது.

‘வரிசை’ என்ற சொல்லுக்குத் தமிழில் நெடிய வயது. புறநானூற்றின் 121ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் வைக்கும் குறையே இதுதான்: வந்தவர்க்கெல்லாம் கொடுப்பது எளிது, அவரவர் தகுதியை அறிவதுதான் கடினம், ஆகவே புலவரை ஒரே தட்டில் வைத்துப் பாராதே என்கிறார். இங்கே வரிசை என்பது தகுதியைக் குறிக்கிறது. பின்னாளில் அது ஒருவர்பின் ஒருவராக நிற்பதற்கும், கல்யாண வீட்டுச் சீருக்கும் பெயராயிற்று. ‘தரவரிசை’ என்று இன்று நாளிதழ்கள் எழுதும்போது தரத்தையும் நிற்கும் இடத்தையும் ஒரே கூட்டுச்சொல்லில் கட்டிவிடுகிறோம். நிற்குமிடம் தெரிந்தால் தரமும் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் அதிலிருந்து பிறக்கிறது. கபிலர் வரிசைப்படுத்தாதே என்று சொல்லவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. நன்றாக அறிந்து செய் என்றார். மருமகளின் கட்சிக்கு அவரும் ஒரு சாட்சி.

தீவுக்காரர்களுக்குப் பட்டியல்கள் எப்போதும் பகையாக இருந்ததில்லை. கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்ட் ஒன்பது வயதில் 2004 ஆழிப்பேரலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர்தப்பியவர். 2015 டிசம்பரில் 500 மீட்டர் நேரச் சோதனைப் போட்டிக்கான உலகச் சைக்கிள் தரவரிசையில் அவர் நான்காமிடத்தில் இருந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் ஊரே அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டது. ஆனால் அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அவர் இல்லை. அவர் நான்காமவராக இருந்த அந்த 500 மீட்டர், 2004க்குப் பின் ஒலிம்பிக்கிலேயே இல்லை. மறுபக்கம் எசோவ் ஆல்பன். 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியின் கெய்ரின் பந்தயத்தில் நூலிழையில் பொன் தவறி வெள்ளி. உலகப் போட்டியொன்றில் இந்தியச் சைக்கிளோட்டத்துக்குக் கிடைத்த முதல் பதக்கம். மறு ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட் ஆன் டெர் ஓடரில் அணி விரைவோட்டத்தில் பொன். அந்த நாளில் அந்தத் தடத்தில் முந்தியவர்களே சாம்பியன். யாருடைய நன்மதிப்பையும் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் தன் வாதத்துக்கு எசோவை அழைப்பார். மருமகள் டெபோராவை அழைப்பாள். ஒரு நாள் ஓட்டத்தை நூறு பேர் மறந்துவிடுவார்கள், ஆண்டு முழுதும் உழைத்ததைப் பட்டியல் மறக்காது என்பது அவள் எண்ணம்.

2025 ஜூலையில் அவர்கள் இருவரும் முதன்முறையாக ஒரே பக்கம் நின்றார்கள். அந்தப் பருவத்து ஐ-லீக் ஏப்ரலில் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸுக்கு 40 புள்ளிகள், இன்டர் காசிக்கு 39. ஆட்டக்காரர் தகுதி பற்றிய வழக்கு குழு குழுவாக ஏறி இறங்கி, ஜூலை 18 அன்று லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசியே சாம்பியன் என்றது. தீர்ப்பின் சட்ட நியாயத்தில் இருவருக்கும் ஐயமில்லை. இறுதி ஆட்டமும் இல்லாமல், இறுதிப் பட்டியலும் இல்லாமல், பருவம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு காகிதத்தில் சாம்பியன் பிறப்பதைக் காண இருவருக்கும் கசந்தது. பேரேட்டில் அந்தப் பருவத்தின் ‘நம் கணக்கு’ வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

ஒற்றை ஆட்டத்தின் மேல் ஆசிரியருக்கு இவ்வளவு பற்று ஏன் என்பது அந்த மாதத்தில்தான் மருமகளுக்குத் தெரியவந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் கல்லூரி அணியில் ஆடியவர். தீவின் கல்லூரிகள் நெடுங்காலமாகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழகச் சட்டை போட வேண்டுமானால் தேர்வுக்குப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். அவ்வாண்டு வங்கக் கடலில் புயல்சின்னம்; கப்பல் கிளம்பவே மூன்று நாள் தாமதமாயிற்று. அவர் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அறிவிப்புப் பலகையில் பதினெட்டுப் பெயர்கள் தட்டச்சாகி ஒட்டப்பட்டிருந்தன. ஒருமுறை ஆடிக் காட்ட விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். பட்டியல் போய்விட்டது தம்பி என்று அன்பாகத்தான் சொன்னார்களாம். கடலைப் பழிக்க வழியில்லை, மனிதரையும் பழிக்க மனமில்லை. அவருக்குப் பட்டியல்தான் மிஞ்சியது.

அவள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, அவர் எதிர்பாராத இடத்தில் தொட்டாள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தென்மண்டலப் போட்டி முதற்சுற்றுகளில் தோற்றால் வெளியேறும் முறையிலேயே நடக்கிறது. ஒரு நாள் சறுக்கினால் போதும். “மூணு நாள் கப்பல், அப்புறம் ரயில், தொண்ணூறு நிமிஷம் ஆட்டம், திரும்ப மூணு நாள் கப்பல். உங்க நாக்-அவுட் நமக்குக் குடுக்கிறது அவ்வளவுதான் மாமா. லீக்னா அஞ்சு மேட்சாவது ஆடலாம்ல?”

ஐந்து ஆட்டம் என்ற எண் அவரைப் பிடித்துக்கொண்டது. அருகில் இருப்பவனுக்கு ஒரு தோல்வி ஒரு மாலைப்பொழுது. தீவிலிருந்து போகிறவனுக்கு அது ஓர் ஆண்டு. ஒற்றை ஆட்டம் எளியவனுக்கு வாய்ப்புத் தரும் என்று முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்தவர், அந்த வாய்ப்பின் பயணச்செலவைக் கணக்கில் சேர்த்ததேயில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நீ சொல்வது போட்டி எப்படி நடக்க வேண்டும் என்பது, நான் சொல்வது சாம்பியனை எப்படி அறிவது என்பது, இரண்டும் வேறு என்று பிரித்துப் பேசினார். அவளும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் எல்லாரையும் ஐந்து ஆட்டம் ஆடவிட்டுப் பிறகு உங்கள் இறுதி ஆட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அமெரிக்கர்கள் பன்னிரண்டு அணிகளுக்கு வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஜங்லிகாட்டில் அது ஓர் இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

இந்த ஆண்டு மகளிர் அணித் தேர்வுக்கு அவள் போகிறாள். கப்பலா விமானமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, விமானக் கட்டணத்தில் பாதியை ஆசிரியர் தன் சேமிப்பிலிருந்து எடுத்து வைத்தார். தேர்வு நாளுக்கு நான்கு நாள் முன்னதாகவே சீட்டு. புதுச்சேரியில் அத்தனை நாள் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று அவள் முணுமுணுத்தாள். கடற்கரைக்குப் போய் அங்கிருந்து கடலைப் பார் என்றார் அவர்.